1932 ஃபோர்டை வரையும்போது எங்கே தவறுகிறேன்? ஹாட் ராட் கலை குறித்து ஒரு கேள்வி

வரைகோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பழைய கார்களை ஓராண்டாகக் குவாஷ் வண்ணத்தில் வரைந்து பழகிவருகிறேன். 1936 கார்டு 810, 1953 ஸ்டூடிபேக்கர் கூபே, 1959 கேடிலாக் ஆகியவற்றை ஓரளவு மனநிறைவோடு முடித்துவிட்ட எனக்கு, அவற்றையெல்லாம்விட எளிய உருவம் கொண்ட 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத திறந்த கார்) மட்டும் கைவரவில்லை. மட்கார்டுகளையும் ஃபுட்போர்டையும் கழற்றிய, ஹாட் ராட் (வேகத்துக்காகப் பழைய காரை மாற்றிக் கட்டுவது) ஆர்வலர்கள் 'ஹைபாய்' என்று அழைக்கும் உருவத்தைப் பக்கவாட்டிலிருந்து கறுப்பு நிறத்தில் வரைந்து, பானட்டின் மேல் தீச்சுடர்களையும் தீட்டினேன். தொழிற்சாலை வெளியிட்ட விளம்பர ஒளிப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு அளவுகளைத் துல்லியமாக எடுத்து, கழற்ற வேண்டிய பகுதிகளை மட்டும் விட்டுவிட்டேன். ஆனாலும் படத்தில் நிற்பது ஹாட் ராடாகத் தெரியவில்லை. மட்கார்டு தொலைந்துபோன ஒரு பழைய வண்டியாகவே தெரிகிறது. தீச்சுடர்களோ, தாளில் வெட்டி ஒட்டியவைபோல் பாடியின் மேல் மிதக்கின்றன. படத்தை இணைத்திருக்கிறேன்.

இதை ஒட்டி இன்னொரு ஐயமும் உண்டு. 1933, 1934 ஆண்டுகளின் ஃபோர்டு கார்கள் என் கண்ணுக்கு 1932-ஐவிட நளினமாகப் படுகின்றன. அப்படியிருக்க, ஹாட் ராட் உலகம் 1932-ஐ மட்டும் ஏன் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது? தொழிற்சாலையின் வடிவமைப்பாளர் முடித்த இடம் எது, பட்டறைக் கலைஞர் தொடங்கிய இடம் எது என்பது விளங்காமல் இந்தக் காரை வரைய முடியாது என்று நினைக்கிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

சேசிஸ்தச்சன் எழுதியது:

வரைகோல் அவர்களுக்கு வணக்கம். தங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. பிழை தங்கள் கையில் இல்லை. அளவெடுத்த ஒளிப்படத்தில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த காரை அளந்து, அதிலிருந்து மட்கார்டை மட்டும் அழித்திருக்கிறீர்கள். ஹாட் ராட் கட்டுபவர் எவரும் அந்த இடத்தில் வேலையை நிறுத்துவதில்லை.

முதலில் 1932 ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரை ஆர்வலர்கள் 'டியூஸ்' என்பார்கள். சீட்டுக்கட்டில் இரண்டாம் எண் சீட்டுக்கு உள்ள பெயர், ஆண்டின் கடைசி எண்ணால் இந்தக் காருக்கும் வந்துவிட்டது. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அதன் எஞ்சின். 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி8 எஞ்சினின் கட்டையை ஒரே வார்ப்பாக வார்க்கும் முறையை ஃபோர்டு கண்டறிந்ததால், அதுவரை பெரும்பாலும் விலையுயர்ந்த கார்களில் இருந்த எட்டுச் சிலிண்டர் வலிமை, 500 டாலருக்கும் குறைவான விலையில் தொடங்கிய ஒரு காரில் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தக் கார்கள் பழைய கார் விற்பனைக்கு வந்தபோது தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்களால் அவற்றை வாங்க முடிந்தது. இது உண்மைதான். ஆனால் எஞ்சின் ஒன்றே காரணமாக இருந்திருந்தால், அதே எஞ்சின் இன்னும் கூடுதல் வலிமையோடு வந்த 1933, 1934 கார்கள் இதைவிடப் பெரும்புகழ் பெற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

உண்மையான காரணம் சேசிஸில், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முந்தைய ஃபோர்டு கார்களில் பாடிக்கும் ஃபுட்போர்டுக்கும் நடுவே ஒரு தகடு வைத்துச் சேசிஸை மறைத்திருப்பார்கள். 1932-இல் அந்தத் தகட்டை நீக்கிவிட்டு, சேசிஸின் பக்கவாட்டையே வெளியே தெரியும்படி விட்டார்கள். கண்ணில் படுவதாயிற்றே என்பதால், அந்த இரும்புச் சட்டத்தின் மேல் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் ஓர் அழுத்துக்கோட்டை அச்சில் பதித்தார்கள். ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் ஃபோர்டின் மேற்பார்வையில் உருவான காரில் எதிர்பார்க்கத் தக்க கவனம் அது. மட்கார்டையும் ஃபுட்போர்டையும் கழற்றியதும் மற்றக் கார்களில் அசிங்கமான இரும்புச் சட்டம் தெரியும் இடத்தில், இந்தக் காரில் மட்டும் முடிக்கப்பட்ட ஒரு வடிவம் தெரிகிறது. அந்தக் காலத்திலேயே பலர் முந்தைய மாடல் ஏ காரின் பாடியை எடுத்து 1932 சேசிஸின் மேல் ஏற்றிக் கட்டினார்கள் என்பதும், இன்றும் அப்படிக் கட்டுகிறார்கள் என்பதும் இதற்குச் சான்று. பாடியை மாற்றினாலும் அந்தச் சேசிஸை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

1933-இல் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்) 106 அங்குலத்திலிருந்து 112 அங்குலமாயிற்று; கிரில் பின்னோக்கிச் சாய்ந்தது; மட்கார்டுகள் பாடியோடு சேர்ந்து ஒரே வீச்சில் பாயும்படி வடிவமைக்கப்பட்டன. தாங்கள் நளினம் என்று கண்டது அந்த ஒருமையைத்தான். மட்கார்டைக் கழற்றினால் அந்த வீச்சு அறுந்துவிடும். அந்தக் கார்களிலும் அருமையான ஹாட் ராடுகள் உண்டு. ஆனால் கட்டுபவர் அறுந்த இடத்தைச் சரிசெய்வதற்கு நிறைய உழைக்க வேண்டியிருக்கும். 1932-இல் கழற்றினாலே போதும்.

கழற்றும் வழக்கம் அழகுக்காகத் தொடங்கியதன்று. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே மோஹாவி பாலைவனத்தில் உள்ள மியூராக் போன்ற வறண்ட ஏரித்தரைகளில் நேரம் குறித்து ஓட்டிப் பார்த்த இளைஞர்கள், எடையும் காற்றுத்தடையும் குறைய வேண்டும் என்பதற்காக மட்கார்டு, பம்பர், முன்கண்ணாடி, மடக்குக் கூரை என ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் 1937-இல் இவர்களை ஒழுங்குபடுத்த உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல் மிராஜ் ஏரித்தரையும், 1949 முதல் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புத்தரையும் இந்த ஓட்டத்தின் களங்களாயின. வேகத்துக்காகக் கழற்றியவர்கள் திரும்பிப் பார்த்தபோது கார் அழகாகவும் மாறியிருந்தது. அந்த வியப்பிலிருந்துதான் இந்தக் கலை பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

இப்போது தங்கள் படத்துக்கு வருகிறேன். தொழிற்சாலைக் காரில் நான்கு சக்கரங்களும் ஒரே அளவு, 18 அங்குலக் கம்பி வீல்கள். சேசிஸ் ஏறத்தாழத் தரைக்கு இணையாக நிற்கும். ஹாட் ராடில் முன் ஆக்சிலின் இரு முனைகளையும் சூடாக்கி வளைத்து நீட்டி, ஆக்சிலின் நடுப்பகுதி சில அங்குலம் கீழிறங்கும்படி செய்வார்கள். அதனால் காரின் மூக்கு தாழும். பின்னால் உயரமான டயர், முன்னால் குட்டையான மெல்லிய டயர் வைப்பார்கள். இவ்விரண்டும் சேர்ந்து சேசிஸின் கோட்டை முன்னோக்கிச் சற்றே சாய்த்துவிடும். அந்தச் சாய்வு மிகச் சிறியது. அளந்தால் ஓரிரு பாகைதான் இருக்கும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் கார் புறப்படப்போகிறது என்று கண் நம்புவது அந்த ஓரிரு பாகையால்தான். தங்கள் படத்தில் சேசிஸ் தட்டையாக இருக்கிறது, நான்கு சக்கரமும் ஒரே அளவில் இருக்கின்றன, அழுத்துக்கோடு அறவே இல்லை. பாடியை அழிக்க வேண்டாம். முதலில் சேசிஸின் கோட்டை வரைந்து, அதைச் சாய்த்து, அதன்மேல் பாடியை உட்காரவையுங்கள். முன்கண்ணாடியின் உயரத்தையும் சிறிது குறைத்து, பின்னோக்கிச் சாயுங்கள்.

---

தூரிகைவால் எழுதியது:

சேசிஸ்தச்சன் ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். நான் பல ஆண்டுகளாகக் கார்களின் மேல் கையால் கோடிழுக்கும் வேலை செய்கிறவன் என்பதால், தீச்சுடர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுடர்கள் ஒட்டுத்தாள்போல் தெரிவதற்குத் தங்கள் படத்தில் இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, பானட்டின் மேற்பகுதி வளைந்து நம்மைவிட்டு அப்பால் செல்கிறது. அங்கே வரையும் சுடர் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒடுங்கித் தெரிய வேண்டும். தாங்கள் எல்லாச் சுடர்களையும் தட்டையான பலகையில் வரைவதுபோல் ஒரே அகலத்தில் வரைந்திருக்கிறீர்கள். பானட்டின் கீல், பானட்டுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளி, பக்கவாட்டில் ஓடும் புடைப்புக்கோடு ஆகியவற்றைச் சுடர் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் அதன் விளிம்பு மெல்ல முறிந்து மீண்டும் தொடர வேண்டும். இரண்டாவது, கறுப்புப் பரப்பில் ஒளியின் பிரதிபலிப்பை அழகாக வரைந்துவிட்டு, சுடரின் விளிம்பு வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். உண்மைக் காரில் கறுப்பும் சுடரும் ஒரே மெருகின் கீழே இருக்கும். பிரதிபலிப்பு கறுப்பிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து கறுப்புக்கும் தடையின்றி ஓட வேண்டும். இந்த ஒன்றைத் திருத்தினாலே சுடர் பாடிக்குள் இறங்கிவிடும்.

சுடரை வடிவமைப்பவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குல அகலமுள்ள மெல்லிய டேப்பைக் கையில் இழுத்துக்கொண்டே, காரின் மூக்கிலிருந்து பின்னோக்கி ஒரே மூச்சில் அந்த வளைவை ஒட்டிச் செல்வோம். பழக்கமில்லாதவர் சுடரையே பார்த்துக்கொண்டிருப்பார். பழகியவர் இரண்டு சுடர்களுக்கு நடுவே எஞ்சும் வெற்றிடத்தைப் பார்ப்பார். அந்த வெற்றிடத்தின் முன்முனை ஒரு நீர்த்துளியின் அடிப்பகுதிபோல் உருண்டிருக்க வேண்டும். அது கூராகவோ சப்பையாகவோ ஆகிவிட்டால், சுடர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மொத்தமும் கெட்டுவிடும். பிறகு கிரில் அருகே வெளிர்மஞ்சளில் தொடங்கி, செம்மஞ்சள் வழியாக நுனியில் சிவப்பாக முடியும்படி வண்ணத்தைத் தெளிப்போம். டேப்பை உரித்தபின் விளிம்பில் சிறு மேடு தெரியும். அதை மூடவும் சுடரைத் தனித்துக் காட்டவும் கையால் ஒரு மெல்லிய கோட்டைச் சுற்றிலும் இழுப்போம்.

அந்தக் கோடுதான் பின்ஸ்ட்ரைப். குதிரை வண்டிகளின் மரச்சக்கரங்களுக்குக் கோடிழுத்த கைத்தொழிலின் வழிவந்தது அது. கார்களில் அது மங்கிப்போயிருந்த நிலையில், 1950-களில் அதை ஒரு தனிக்கலையாக உயிர்ப்பித்தவர்களில் முதன்மையானவராக வான் டச் கருதப்படுகிறார். 1929-இல் பிறந்து 1992-இல் மறைந்த அவருடைய இயற்பெயர் கென்னத் ஹோவர்டு. அவருடைய தந்தை சைன்போர்டு ஓவியர். அவருக்கு முன்பே ஓக்லண்டில் டாமி தி கிரீக் என்று அழைக்கப்பட்ட டாமி ஹ்ரோனிஸ், நீர்த்துளிகள் தொங்கும் தமக்கே உரிய பாணியில் கோடிழுத்துவந்தார். வான் டச்சின் கோடுகள் காரின் கோட்டைப் பின்தொடர்வதோடு நிற்கவில்லை. டிக்கியின் நடுவிலும் கிரில்லின் மேலும் இடமும் வலமும் ஒன்றையொன்று கண்ணாடிபோல் ஒத்திருக்கும் சிக்கலான உருவங்களாக அவை விரிந்தன.

கருவியைப் பற்றி ஒரு சொல், ஓவியராகிய தங்களுக்குச் சுவையாக இருக்கும் என்பதால். பின்ஸ்ட்ரைப் தூரிகைக்கு வாளின் வடிவம். அணில் மயிர் நீளமாகவும், கைப்பிடி மிகக் குட்டையாகவும் இருக்கும். மெதுவாக உலரும் சைன்போர்டு எனாமலை ஒரு வழவழப்பான அட்டையில் தேய்த்துத் தேய்த்து, மயிர் முழுவதும் சீராக வண்ணம் ஏறும்படி செய்வோம். நீண்ட மயிர் வண்ணத்தைச் சேமித்து வைத்திருப்பதால் பானட்டின் முழு நீளத்தையும் ஒரே இழுப்பில் கடக்கலாம். படுத்திருக்கும் மயிரே கோட்டை நேராக வைத்திருக்கும். வளைவு வந்தால் மணிக்கட்டைத் திருப்பாமல், கைப்பிடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்ட வேண்டும். கோடு தவறினால் உலர்வதற்குள் துணியால் துடைத்துவிடலாம் என்ற சலுகையும் எனாமலுக்கு உண்டு. தங்கள் குவாஷ் படத்தில் சுடரைச் சுற்றிய கோட்டை முனைகூர்ந்த சிறு தூரிகையால் துண்டுதுண்டாக வரைந்திருப்பது தெரிகிறது. நீள்மயிர்த் தூரிகை ஒன்றை வாங்கி ஒரே இழுப்பில் முயன்று பாருங்கள்.

---

நிழல்வெளி எழுதியது:

மதிப்புக்குரிய சேசிஸ்தச்சன் அவர்களின் பதில் மிகச் சிறப்பானது. ஆயினும் கழற்றுவதில்தான் இந்தக் கலை இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியிருப்பதை முழுவதும் ஏற்பதற்கில்லை. ஹைபாய் ரோட்ஸ்டருக்கு அது பொருந்தும். வரைகோல் கேட்டிருப்பதோ தொழிற்சாலைக் கலைக்கும் பட்டறைக் கலைக்கும் நடுவிலுள்ள எல்லையைப் பற்றி. அதற்கு ஃபோர்டு நிறுவனத்திலிருந்து 1949 முதல் 1951 வரை வந்த மெர்க்குரி காரைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கார் உருண்டு திரண்ட உடலும், உயர்ந்த கூரையும் கொண்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பட்டறை வைத்திருந்த சாம் பேரிஸ், ஜார்ஜ் பேரிஸ் சகோதரர்கள் 1952-இல் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக ஒரு 1951 மெர்க்குரி கூபேயை மாற்றிக் கட்டினார்கள். கூரையை வெட்டிக் குறைத்தார்கள்; முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைக் கூடுதலாக வெட்டி, கூரை பின்னோக்கி வழிந்து டிக்கியில் கலக்கும்படி செய்தார்கள். கதவுக்குப் பின்னாலுள்ள நடுத்தூணை நீக்கி, சன்னல் திறப்பின் மேல்விளிம்பை வளைத்தார்கள். கதவுப் பிடிகளை எடுத்துவிட்டுத் துளைகளை மூடினார்கள். பியூக் காரிலிருந்து எடுத்த குரோம் பட்டையைப் பக்கவாட்டில் பொருத்தி, அதன் மேலும் கீழும் இருவேறு பச்சை நிறங்களைப் பூசினார்கள். இதில் கழித்தல் எவ்வளவோ, கூட்டலும் அவ்வளவு. டிங்கர் வேலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கூரையை வெட்டியதும் தூண்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஏனெனில் அவை மேலே குறுகியும் கீழே அகன்றும் சாய்ந்திருப்பவை. ஒவ்வொரு தகட்டையும் கீறி, விரித்து, பற்றவைத்து, இணைப்புகளின் மேல் ஈயத்தை உருக்கிப் பூசி இழைக்க வேண்டும். இவ்வகைக் கார்களுக்கு ஈயச் சறுக்குவண்டி என்று பொருள்படும் 'லெட் ஸ்லெட்' என்ற பெயர் வந்ததே அதனால்தான். 2022 ஜனவரியில் அந்த மெர்க்குரி ஏலத்தில் கட்டணம் உட்பட 21 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்கு விற்பனையானது.

எல்லையைப் பற்றிய என் கருத்து இது: தொழிற்சாலையும் பட்டறையும் ஒரே திசையில்தான் நடந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1927-இல் கலைக்கும் வண்ணத்துக்குமான தனிப்பிரிவைத் தொடங்கி, 1958 வரை வடிவமைப்பை ஆண்ட ஹார்லி ஏர்ல், ஹாலிவுட்டில் பிறந்தவர். டெட்ராய்ட்டுக்குப் போவதற்கு முன், தம் தந்தையின் லாஸ் ஏஞ்சலிஸ் பட்டறையில் திரைப்பட நடிகர்களுக்குத் தனித்தனியாகக் கார் பாடி கட்டிக்கொடுத்தவர். களிமண்ணில் முழு உருவத்தையும் குழைத்துப் பார்க்கும் முறையை வடிவமைப்புக் கூடத்தில் நிலைநிறுத்திய அவர், அமெரிக்கக் காரை நீளமாகவும் தாழ்வாகவும் ஆக்குவதே தம் வாழ்நாள் நோக்கம் என்று எழுதினார். 1938-இல் அவர் உருவாக்கிய பியூக் ஒய்-ஜாப் என்ற மாதிரிக் காரைப் பாருங்கள்: ஃபுட்போர்டு இல்லை, முகப்பு விளக்குகள் மூடிக்குள் மறைந்திருக்கின்றன, உடல் தரையை ஒட்டி நீண்டு கிடக்கிறது. பேரிஸ் சகோதரர்கள் பின்னாளில் ஈயத்தாலும் ரம்பத்தாலும் தேடிய உருவமும் அதுவே. தொழிற்சாலை விற்ற காரில் கூரை உயரமாக இருந்ததற்குக் காரணம் தொப்பி அணிந்தவரும் உள்ளே உட்கார வேண்டும் என்பது போன்ற கட்டாயங்கள். வடிவமைப்பாளருக்கு ஆசையில்லாமல் இல்லை. அவர் நிறுத்த நேர்ந்த இடத்திலிருந்து பட்டறைக் கலைஞர் அதே கோட்டைத் தொடர்ந்து இழுத்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

வரைபவருக்குப் பயன்படும் ஒரு செய்தியும் உண்டு. 1959 முதல் 1971 வரை பான்டியாக் விளம்பரங்களை வரைந்த ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக், வான் காஃப்மன் இருவரின் படங்களைத் தேடிப் பாருங்கள். காரை முன்னவரும், மனிதர்களையும் பின்னணியையும் பின்னவரும் வரைந்தனர். இருவரின் முதலெழுத்துகளையும் சேர்த்துக் கையெழுத்திட்டனர். அந்தப் படங்களில் கார் உண்மையில் இருப்பதைவிட அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும். ஆனால் பார்ப்பவர் பொய் என்று நினைப்பதில்லை. ஒளி எங்கே விழுகிறது, குரோமில் வானம் எங்கே முடிந்து தரை எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் அவ்வளவு நேர்மையாக அவர்கள் வரைந்திருப்பதால், அளவில் செய்த மிகையைக் கண் ஏற்றுக்கொள்கிறது. தாங்கள் இதற்கு நேர்மாறாக, அளவில் முழு நேர்மையும் ஒளியில் தயக்கமும் காட்டியிருக்கிறீர்கள்.

---

குமிழ்க்கூரை எழுதியது:

மேலே உள்ள பதில்கள் அனைத்தும் தொழிற்சாலை விட்டுச்சென்ற கோட்டை மதிப்பவர்களைப் பற்றியவை. எட் ராத் என்ற பெயரையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அவர் அந்தக் கோட்டையே வேண்டாம் என்றார். 1959-இல் 'அவுட்லா', 1961-இல் 'பீட்னிக் பேண்டிட்' ஆகிய கார்களை அவர் கட்டியபோது எந்தத் தொழிற்சாலையின் பாடியையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபைபர்கிளாஸில் தாமே உருவத்தை வார்த்தெடுத்தார். பீட்னிக் பேண்டிட்டுக்கு ஒளி ஊடுருவும் குமிழ்போன்ற கூரையும், ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதிலாக ஒற்றைக் கைக்கோலும் இருந்தன. அந்தக் கார் இன்று நெவாடா மாநிலத்தின் ரீனோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1968-இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் முதன்முதலாக வந்தபோது வெளியான பதினாறு கார்களில் அதுவும் ஒன்று. ராத்தின் பட்டறையில் ஓவியராக வேலை செய்த ராபர்ட் வில்லியம்ஸ் பின்னர் தனி ஓவியராக வளர்ந்து, 1994-இல் ஜக்ஸ்டபோஸ் என்ற கலை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஆகவே இந்தக் கலை காரின் தகட்டைவிட்டு இறங்கி ஓவியச் சட்டகத்துக்குள்ளும் போயிருக்கிறது. கோட்டை மதிப்பது ஒரு மரபு என்றால், அதை மறுப்பதும் அதே வீட்டில் பிறந்த மரபுதான்.

---

சேசிஸ்தச்சன் எழுதியது:

நிழல்வெளி அவர்கள் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். மெர்க்குரியை மனத்தில் கொள்ளாமல் எழுதிவிட்டேன். ராத்தைப் பொறுத்தவரை எனக்கு அவருடைய துணிச்சலில் மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் அந்தக் கார்களை என் கண் சிற்பமாகத்தான் பார்க்கிறது. காராகப் பார்க்க முடிவதில்லை. இது சுவை சார்ந்தது.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இல் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தது. 1937 கார்டும் 1941 லிங்கன் கான்டினென்டலும் அவற்றில் இருந்தன. ஹாட் ராடுக்கு அப்படியொரு மேடை கிடைக்க நெடுங்காலம் பிடித்தது. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் உலகின் விலையுயர்ந்த பழைய கார்கள் போட்டியிடும் கண்காட்சியில் 1997-இல்தான் முதன்முறையாக ஹாட் ராடுகளுக்குத் தனிப்பிரிவு அமைத்தார்கள். அதில் முதலிடம் பெற்றது டோன் ஸ்பென்சர் என்பவர் கட்டிய 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், அதுவும் மட்கார்டு இல்லாத கறுப்பு ஹைபாய். வரைகோல் வரைந்துகொண்டிருக்கும் அதே உருவம். அதன் முன்கண்ணாடி நடுவில் கூம்பிப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தக் காரின் ஒளிப்படங்களைத் தொழிற்சாலைப் படத்தின் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதியது ஒரே பார்வையில் விளங்கும்.

---

வரைகோல் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பத்து நாள்களில் மூன்று முறை மீண்டும் வரைந்தேன். முதல் முறை சேசிஸ் கோட்டைச் சாய்த்தேன், ஆனால் ஆர்வத்தில் அளவுக்கு மீறிச் சாய்த்ததால் கார் மூக்கு குப்புற விழுவதுபோல் ஆயிற்று. இரண்டாம் முறை சாய்வைப் பாதியாகக் குறைத்து, பின் டயரை உயர்த்தி, முன் டயரை மெலிதாக்கியபோது, ஐயா சொன்ன அந்தப் புறப்பாட்டு உணர்வு திடீரென்று வந்துவிட்டது. பாடியின் ஒரு கோட்டைக்கூட நான் மாற்றவில்லை என்பதுதான் எனக்கே வியப்பு. மூன்றாவது படத்தில் பிரதிபலிப்பைச் சுடர்களின் மேலும் ஓடவிட்டேன். சுடர்களுக்கு இடையிலான கறுப்புத் துளிகளை முதலில் வரைந்து, சுடரை எஞ்சியதாக விட்டேன். ஒட்டுத்தாள் தோற்றம் போய்விட்டது.

இன்னும் இரண்டு சிறு ஐயங்கள். சுடரைச் சுற்றிய கோட்டுக்கு வெள்ளை வைத்தேன். அது சுடரைவிட முன்னால் வந்து நிற்கிறது. எந்த நிறம் பொருந்தும்? மேலும் சேசிஸின் அழுத்துக்கோட்டைக் கறுப்பின் மேல் கறுப்பாக எப்படிக் காட்டுவது?

---

தூரிகைவால் எழுதியது:

புதிய படம் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. துளிகளை முதலில் வரைந்தது மிக நல்ல முடிவு.

வெள்ளையை எடுத்துவிட்டு வெளிர்நீலத்தை முயலுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புச் சுடர்களுக்கு வெளிர்நீலக் கோடிடுவது நெடுநாள் வழக்கம்; செம்மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம் என்பதால் சுடர் கூடுதலாகக் கனலும், கோடோ கறுப்போடு ஒதுங்கி நிற்கும். கோட்டின் அகலம் நுனிகளில் மட்டும் சிறிது மெலியலாம். மற்ற இடங்களில் மாறக்கூடாது.

அழுத்துக்கோட்டைக் கோடாக வரைய வேண்டாம். அது இரும்பில் பதிந்த ஒரு சிறு படி. படியின் மேல்நோக்கிய பரப்பு வானத்தை வாங்குவதால் அங்கே மிக மெல்லிய நீலச்சாம்பல் ஒளி ஒன்று முன்னிருந்து பின்வரை அறாமல் ஓடும். அதற்குக் கீழுள்ள பரப்பு தரையை வாங்குவதால் கறுப்பில் சிறிது பழுப்பு கலந்திருக்கும். பின்சக்கரத்தை நெருங்கும் இடத்தில் டயரின் நிழல் விழுவதால் அந்த ஒளியை அங்கே அடக்கிவிடுங்கள். கடைசியில், எல்லா வண்ணமும் உலர்ந்தபின், அந்த நீண்ட ஒளியை மட்டும் நீள்மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுங்கள்.